நாலு கம்பியில் ஒரு கீபோட்

செய்தி வந்தபோது நான் கிளினிக்கில் நின்றிருந்தேன். மகளுக்கு ஒன்றரை வயது ஊசி. கைத்தொலைபேசியில் ராசா அண்ணையின் பெயரைக் கண்டு எடுத்தேன். "தங்கச்சி, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை, முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன். "அப்ப போட்டிட்டு எடுங்கோ, அவசரமில்லை" என்று வைத்துவிட்டார். ஊசி போட்டு, மகள் அழுது முடித்து, நான் திரும்ப எடுத்தபோதுதான் சொன்னார். "யோகா எங்களை விட்டிட்டுப் போயிட்டா தங்கச்சி. விடியவே போயிட்டா. முதலே சொன்னா நீங்கள் ஊசியும் போடாமல் ஓடி வந்திடுவியள். அவாவும் அதைத்தான் சொல்லியிருப்பா."

உண்மைதான். அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். ஊசிக் காய்ச்சல், அதன் பின்னால் சளி, சளியின் பின்னால் என் பயம் என்று நாட்கள் போயின. மலர் அச்சுக்குப் போன பிறகுதான் எனக்கு முதல் வரி வந்தது. ஆகவே இதைத் தனியாக எழுதுகிறேன். யோகா அக்காவை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கு அழுகுரலில் எழுத முடியாது. எழுதினால் எங்கிருந்தோ "ஏ புள்ள, வோலியூமைக் கூட்டு" என்று கேட்கும்.

ஸ்கந்தபுரத்தில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் வீடு எது என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள். ராசா அண்ணையும் அவருடைய மனைவி யோகா அக்காவும் சேர்ந்து நடத்திய தொழில் அது. அந்த வீட்டு விறாந்தையில் கதிரை கிடையாது. வருகிறவர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல்தான் குந்தியிருக்க வேண்டும். நான் முதன்முதலில் போய், யோகா அக்காவின் பெண்கள் இசைக்குழுவில் கீபோட் வாசிக்க விருப்பம் என்று மெல்லச் சொன்னபோது, "சத்தம் விக்கிற வீடு இது. ஏன் களவெடுக்க வந்த ஆள் மாதிரிக் கதைக்கிறாய்?" என்றார் அக்கா. அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் வன்னிதான். எங்களைப் போலவே கதைப்பார். கோபமோ சந்தோசமோ அளவை மீறினால் மட்டும் அம்மாவின் மலையகப் பேச்சு வாயில் வந்துவிடும். மேடையில் பேஸ் கிற்றாரைத் தோளில் மாட்டினால் அவருக்கு அடக்கம் என்ற சொல்லே தெரியாது. "வன்னியில என்னை மாதிரிப் பேஸ் வாசிக்க ஒருத்தரும் இல்லை" என்பார். "வேற ஆரும் பேஸ் வாசிக்கினமோ அக்கா?" என்று கேட்டால், "அதுதானே சொல்லுறன்" என்பார்.

குழுவில் நாங்கள் ஐந்து பேர். கலா பாடுவாள். இருவர் தாளக் கருவிகள். யோகா அக்கா பேஸ், நான் கீபோட். பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவள் நான். வீட்டில் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மனைவி, பிறகு ஒரு குழந்தைக்குத் தாய். கீபோட்டின் முன்னால் மட்டும்தான் நான் தர்சினி. இதைச் சொல்லாமல் மீதிக் கதை விளங்காது.

இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லை வெட்டி முடித்ததும், எங்கள் பக்கத்துக் கமக்காரர்கள் கூடி ஒரு அறுவடை விழா எடுப்பார்கள். அந்த மேடையில் ஏறினால் அந்த வருடத்துக் கலியாண வீடுகள் தேடி வரும். அந்த முறை விழாவுக்கு எங்களைக் கேட்டிருந்த வேளையில் நான் பிள்ளைப்பேற்றுக்காக ஆசுபத்திரியில் இருந்தேன். மகள் நாள் முந்திப் பிறந்தாள். நிறை குறைவு. விழா நாளில் அவளுக்கு இரண்டு மாதம்கூட ஆகியிராது. விழாத் தலைவர் அக்காவின் வீட்டுக்கு வந்து பெட்டியின் மேல் இருந்து சொன்னாராம்: "கீபோட் இல்லாமல் என்னத்தைக் கச்சேரி? பஜனையே வைக்கப் போறியள்? வவுனியாவில ஒராள் இருக்கிறார், கூப்பிடுறன். ஆனா ஒரு நாளைக்கெண்டு வரமாட்டார். நிரந்தரமாச் சேத்தாத்தான் வருவாராம்."

கலாவுக்கு அது சரியாகப் பட்டது. இதை நான் எழுதுவதற்கு அவள் கோபிக்கமாட்டாள். அவளே இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுகிறவள். "அக்கா, பிள்ளை பெத்துப்போட்டுத் திரும்பி மேடைக்கு வந்த ஒருத்தியைக் காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டாளாம். யோகா அக்கா காட்டவில்லை. காட்ட எவரும் இல்லை. "அவளின்ர கதிரையில ஒருத்தரும் இருக்கேலாது. கீபோட்டை நான் வாசிக்கிறன்" என்றார்.

"உங்களுக்குக் கீபோட் தெரியாதே."

"பேஸில வாசிக்கிறன்."

கலா இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் கட்டிலில் கிடந்தபடி அழுதேன். பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று ஒரு கை அவளுடைய நெஞ்சில் இருந்தது. மற்றக் கையில் தொலைபேசி. பேஸில் நாலு கம்பி. அதன் வேலை நிலத்துக்குக் கீழே ஓடுவது. வீணை போலவும் குழல் போலவும், எந்தக் கருவியும் அல்லாத அந்த மின்னொலி போலவும் பாடுகிற கீபோட்டின் வேலையை அது எப்படிச் செய்யும்? என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நாங்கள் வீடு திரும்பி, பிரசவத் துடக்குக் கழியும்வரை பிள்ளையும் நானும் ஒரே அறையில் இருந்த நாட்களில், ஒரு காலை யோகா அக்கா வந்தார். துடக்கு வீடு என்று அம்மா வாசலில் தயங்கினார். "நான் பிள்ளையைத் தொட வரேல்லை அம்மா, உங்கட மகளின்ர மூளையைத் தொட வந்தனான்" என்று சொல்லி உள்ளே வந்தார். முதுகில் கிற்றார், ஒரு கையில் சின்ன அம்ப் பெட்டி, மற்றக் கையில் பெரிய தகரப் பிஸ்கற் ரின். ரின்னுக்குள் மூன்று பெடல்கள். கொழும்பில் ஏதோ ஒரு குழு கலைந்தபோது விற்றவையாம். காலால் மிதித்தால் கிற்றாரின் ஒலியை மாற்றும் இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வயர்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக மிதித்து, கம்பியைத் தட்டினார். வாய்க்காலுக்குள் விழுந்த லான்ட்மாஸ்டர் உழவு மெசின் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளை வீரிட்டாள்.

"சரி. இனி ஒவ்வொண்டாப் பாப்பம்" என்றார்.

முதலாவது ஒக்ரேவ் பெடல். தட்டிய சுரத்தோடு அதையே கீழ் ஸ்தாயியிலும் சேர்த்துத் தரும். கிற்றாரின் கழுத்தில் மேலே போய் வாசித்தால், மேலே பாட்டும் கீழே பேஸும் ஒரே விரலில் வரும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதற்கு விளங்கும். பக்கத்துக் கம்பி கொஞ்சம் அதிர்ந்தாலும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவளை போல உளறும். அக்கா நாட்கணக்கில் பழகியது தட்டுவதை அல்ல. தட்டாத மூன்று கம்பிகளை இடக்கையால் அமத்திப் பிடிக்கத்தான் பழகினார். "தட்டுறதும் வாசிப்பு, அமத்துறதும் வாசிப்பு" என்பார். கீபோட்டில் நான் மூன்று விரலால் ஒன்றாக அழுத்துகிற சுரங்களை, அவர் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக உதிர்த்துப் போட்டார். அது என்னுடையதைவிட அழகாக இருந்தது. நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, நான் பிள்ளையின் நிறை ஏறவில்லை, மூச்சில் ஒரு சத்தம் கேட்கிறது, கண் மஞ்சளோ தெரியவில்லை, என் இடமும் போகப் போகிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் இந்தப் பெடல் மாதிரித்தான் தர்சி. ரெண்டு கவலை ஒண்டா வந்தா உளறுறாய். ஒவ்வொண்டாக் கவலைப்படு. மற்றதுகளை அமத்திப் பிடி. அதுகள் எங்கையும் போகாது, பிறகும் படலாம்."

இரண்டாவது ஃபஸ் பெடல். அது ஒலியைக் கரகரக்க வைக்கும். நான் பௌதிகம் படித்தவள் என்ற உரிமையில், கம்பியின் ஒலி அலை உருண்டையாக வரும், இந்தப் பெடல் அதன் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்குகிறது, பழைய மின்னிசைக் கருவிகள் அந்தச் சதுரத்தில் இருந்துதான் குரல் எடுத்தன என்று விளக்கினேன். "சரி, உன்ர சதுரம் எப்பிடிக் கத்துது எண்டு கேப்பம்" என்று மிதித்தார். கத்தியது. அதன் பிறகு மூன்றாவது, ஃபில்டர். அது அந்தச் சதுரக் கத்தலுக்கு ஒரு வாயைக் கொடுக்கும். மெல்லத் தட்டினால் வாய் கொஞ்சம் திறக்கும். அடித்துத் தட்டினால் அகலத் திறக்கும். கம்பி "வா, வா" என்றது. தொட்டிலில் மகள் "ங்ஙா" என்றாள். திரும்பவும் கம்பி. திரும்பவும் மகள். "உவள் ஃபில்டரோடயே பிறந்திருக்கிறாள்" என்றார் அக்கா. பிள்ளை பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் தடவை அது.

கடைசியாக ஒரு வித்தை மிஞ்சியிருந்தது. வயலின் போல மெதுவாக எழும் ஒலி வேண்டிய இடங்களில், கிற்றாரின் வோலியூமை மூடிவைத்துத் தட்டி, தட்டலின் முதல் அடி போன பிறகு சின்னி விரலால் திறந்துவிடுவார். எந்தப் பாட்டுக்கு எந்தக் குமிழ் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு நகப்பூச்சால் பொட்டு வைத்தார். காதல் பாட்டுகளுக்குச் சிவப்பு, குத்துப் பாட்டுகளுக்கு நீலம், அம்மன் பாட்டுகளுக்கு மஞ்சள்.

இவ்வளவும் நடந்தது ராசா அண்ணைக்குத் தெரியாது. ஒத்திகையில் காட்டி அசத்த வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். ஒத்திகை பார்க்க விழாத் தலைவரும் வந்திருந்தார். ராசா அண்ணை வழமை போல மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்பீக்கர் வைத்திருக்கிற மனிதர் ஒருவருக்குக் கனவிலும் பயம் தருகிற சத்தம் ஒன்று உண்டென்றால், அது ஸ்பீக்கருக்குள் அதிரும் தாள் கிழியும்போது வருகிற கரகரப்பு. அக்கா பெரிய பெட்டிகளில் ஃபஸ் பெடலை மிதித்தார். ராசா அண்ணை பாய்ந்து விழுந்து மெயினை நிற்பாட்டினார். எல்லாம் அடங்கியது.

"கிழிஞ்சு போச்சு" என்றார் அண்ணை, முகம் வெளிறி.

"அது கிழியலங்க. அதுதாங்க பாட்டு" என்று அக்கா கத்தியதாகக் கலா சொன்னாள்.

"பாட்டோ? நான் புதுசாப் போட்ட பெட்டி அது."

தலைவர் எழும்பினார். "பாத்தியளே, ஸ்பீக்கரும் போச்சு, கச்சேரியும் போச்சு. நான் வவுனியாவுக்குச் சொல்லுறன்."

அக்கா அவரைப் போகவிடவில்லை. விழாவன்று முதல் பாட்டு முடியும்வரை பொறுங்கோ, பிடிக்காவிட்டால் இறங்கிவிடுகிறோம், பிறகு வவுனியா ஆளை நிரந்தரமாகவே சேர்க்கிறோம் என்றார். தலைவர் ஒப்புக்கொண்டார். ஒரு பாட்டு. என் இடம் அந்த ஒரு பாட்டில் தொங்கியது.

அன்று பின்னேரம் ராசா அண்ணை பெட்டியைக் கழற்றித் தாளைத் தடவிப் பார்த்தாராம். ஒரு கீறலும் இல்லை. பிறகு தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் ஆறு ரோச் லைற் பற்றரிகளை வரிசையாக வைத்து இரண்டு பக்கமும் வயர் இழுத்தார். ஒன்பது வோல்ற். "ஜெனரேற்றர் கரண்டில குடுத்தா உன்ர பெடல் இரையும். இதில குடு" என்று அக்காவிடம் நீட்டினார். அவருடைய மன்னிப்பு அது. அக்கா அதை எல்லோருக்கும் காட்டினார், நகை காட்டுகிறவர் போல.

விழா பின்னேரம் தொடங்கியது. போகவேண்டாம் என்று அம்மா சொன்னார். நான் போனேன், ஆனால் என் பயத்தோடு போனேன். ஸ்பீக்கர் அதிர்வு பிள்ளையின் நெஞ்சில் அடிக்கும் என்று, வயலைத் தாண்டி வாய்க்கால் ஓரத்து மருத மரத்தின் கீழ் நின்றேன். பிள்ளையின் காதில் பஞ்சு, பஞ்சின் மேல் தொப்பி, தொப்பியின் மேல் என் கை. மேடை சின்னப் பெட்டி போலத் தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வயதான பெண்கள் இருவர் பாய் விரித்து இருந்தார்கள்.

முதல் பாட்டு. தாளம் எழும்பியது. அடுத்து வர வேண்டியது என் இடம்.

வந்தது. வயலுக்கு மேலால் வந்தது. கனத்த ஒலிதான் தூரத்துக்குப் போகும் என்று படித்திருக்கிறேன். அன்று காலில் உணர்ந்தேன். கீழே நிலம் உறுமியது, அதன் மேல் அந்தச் சதுரக் குரல் வாயைத் திறந்து மூடிப் பாடியது. ஒரு சுரத்திலும் உளறல் இல்லை. மெயினை யாரும் நிற்பாட்டவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டு வெட்டிய வயலெல்லாம் ஓடியது. மேடையிலிருந்து எவரும் இறங்கவில்லை. இரண்டாவது பாட்டுத் தொடங்கியது.

"கீபோட் ஆரப்பா?" என்று பாயில் இருந்த ஒருவர் கேட்டார்.

"உந்தத் தர்சினிதான். வேற ஆர் இஞ்சை உப்பிடி வாசிக்கிறது?"

"அவள் பிள்ளை பெத்து ரெண்டு மாசமும் ஆகேல்லை எண்டாங்கள்."

"அதைத்தான் சொல்லுறன். பச்சைப் பிள்ளையை ஆரிட்டையோ தள்ளிப்போட்டு மேடையில நிண்டு ஆடுறாள். உவளவையின்ர நெஞ்சு கல்லு." பிறகு என் பக்கம் திரும்பி, குரல் கனிந்து, "நீ பிள்ளையை வடிவா மூடிப் பிடி மோனை. தாய் எண்டா உன்னை மாதிரி இருக்கவேணும்" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன். என் வாசிப்புக்கு அதுவரை கிடைத்த பாராட்டுகளில் அந்த ஏச்சுக்கு நிகர் ஒன்றும் இல்லை. அதுவும் நான் வாசிக்காத கச்சேரிக்கு.

கடைசியில் கலைஞர்களுக்குப் பொன்னாடை. தலைவர் ஒவ்வொருவராக அழைத்துப் போர்த்தினார். நால்வருக்கு முடிந்ததும், ஒத்திகையில் கரகரப்பை மட்டும் கேட்டிருந்தவர் நான்தான் பெட்டிக்குப் பின்னால் இருந்து வாசித்தேன் என்று நினைத்து, "அடுத்ததாகக் கீபோட் கலைஞர்" என்று ஒலிவாங்கியும் கையுமாகப் பெரிய பெட்டிக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு வெறும் கதிரை, அதன் முன்னால் கீபோட் இல்லாத ஸ்ராண்ட். அவர் கேட்டதெல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"எங்கை ஆள்?"

"ஆள் பிள்ளைக்குப் பால் குடுக்கிறா தலைவர். நீங்கள் கதிரைக்குப் போடுங்கோ, அவா வந்து எடுப்பா." இது அக்கா.

"அப்ப இவ்வளவு நேரமும் வாசிச்சது?"

அக்கா பெடலை மிதித்து ஒரே ஒரு சுரம் தட்டினார். கூட்டம் முதலில் விளங்காமல் இருந்தது, பிறகு சிரித்தது, பிறகு எழும்பி நின்று கைதட்டியது. தலைவரும் சிரித்தார். கதிரைக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"அந்தக் கதிரை என்ரதான் அம்மா" என்றேன் பாயில் இருந்தவரிடம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இஞ்சை ஏன் நிக்கிறாய்? பிள்ளையைத் தந்திட்டுப் போய் எடு."

பிள்ளையைக் கொடுக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பிள்ளையோடேயே போனேன். வயல் வரம்பால் நடந்து, மேடை ஏறி, அந்தக் கதிரையில் இருந்தேன். யோகா அக்கா ஒலிவாங்கியைப் பிடுங்கி, "வன்னியில என்னை மாதிரிப் பேஸ் வாசிக்க ஒருத்தரும் இல்லைங்க" என்றார். அன்று எவரும் மறுத்துக் கேள்வி கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த கலியாண வீடுகளில் நான் கீபோட்டோடு என் கதிரையில் இருந்தேன், பக்கத்தில் அவர். அவருக்கு முன்பே இருந்த சிறுநீரக வருத்தம் அந்த வருடம் முற்றியது. இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போய் வந்தார். கூட்டிப் போகும் முறை என்னுடையதாக இருந்த ஒருநாள், அந்த இயந்திரத்தைக் காட்டி, "பார், என்ர இரத்தத்தை எடுத்து ஃபில்டர் பண்ணித் திருப்பித் தருது. இவையளிட்டையும் ஒரு பெடல் இருக்கு. என்ன, இதில சத்தம்தான் காணாது" என்றார். கடைசியாக அவர் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரி செட்டிகுளத்தில் ஒரு கலியாண வீடு. என்ன நடந்தாலும் அதை விடக்கூடாது என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

போன கிழமை அதை வாசித்தோம். வேறு பேஸ்காரர் ஒருவரை ஒழுங்குபண்ணட்டோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "ஆள் இருக்கு" என்றாள் கலா. திரும்பி வந்த ஒருத்தியைக் காட்டச் சொன்ன அதே கலா.

பிஸ்கற் ரின் இப்போது என்னிடம் இருக்கிறது. ராசா அண்ணை கொண்டுவந்து தந்தார். சின்னக் கீபோட் ஒன்றை இடப்பக்கம் வைத்து, அதன் ஒலியை அந்த மூன்று பெடல்களுக்குள்ளால் விட்டேன். வலக்கை என் வேலை, இடக்கை அவருடைய வேலை. அவருடைய கிற்றாரை ஸ்ராண்டில் அவர் நிற்கும் இடத்திலேயே நிறுத்தி, கதிரைக்குப் போட்ட பொன்னாடையை அதற்குப் போர்த்தினேன். குமிழ்களைச் சிவப்புப் பொட்டுக்குத் திருப்பினேன். பாட்டுத் தொடங்கி, ஃபஸ் எழும்பியதும், ராசா அண்ணையின் கை மெயின் சுவிச்சுக்குப் போனதைக் கண்டேன். போன கை அதிலேயே நின்றது. பிறகு இறங்கியது.

முடிந்த பிறகு, "கிழிஞ்சிட்டுதெண்டு நினைச்சன் தங்கச்சி" என்றார். "பிறகுதான் விளங்கினது, அவா எண்டு."

பெடல்கள் பழுதாகும். நகப்பூச்சு உரியும். என்னிடம் மிஞ்சப் போவது அவர் பிடித்து வைத்துத் தந்த ஒரு இடமும், "ஒவ்வொண்டாக் கவலைப்படு" என்ற ஒரு வசனமும். இதை எழுதும்போது உள்ளே மகள் இருமுகிறாள். ஒரு இருமல்தான். மற்றது வந்தால் அதற்குக் கவலைப்படுவேன்.